தி ரெசிஸ்டன்ஸ்: உளவாளியின் ஆட்டமுறை

தி ரெசிஸ்டன்ஸ், கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் உளவாளிகளைப் பேச்சாலும் வாக்காலும் கண்டுபிடிக்க முயலும் குழு விளையாட்டு. டான் எஸ்க்ரிட்ஜ் வடிவமைத்த இது 2009-இல் வெளியானது. இதன் மறுவடிவமான அவலான் 2012-இல் வந்தது. 5 முதல் 10 பேர் வரை ஆடலாம். ஐவர் ஆடினால் இருவர் உளவாளிகள், பத்துப் பேர் ஆடினால் நால்வர். தொடக்கத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள, உளவாளிகள் மட்டும் கண் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மற்றவர்களான புரட்சியாளர்களுக்குத் தம்மைத் தவிர யாரையும் நம்ப ஆதாரம் இருக்காது.

இவ்வகை ஆட்டங்களுக்கு மூலம் மாஃபியா. 1980களின் பிற்பகுதியில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் டிமித்ரி டேவிடோஃப் அதை உருவாக்கினார். மாஃபியாவில் அகப்பட்டவரும் கொல்லப்பட்டவரும் ஆட்டத்தை விட்டு வெளியேறுவர். ரெசிஸ்டன்ஸில் யாரும் வெளியேறுவதில்லை. உளவாளி தான் போட்ட வாக்குகளோடும் சொன்ன சொற்களோடும் கடைசிவரை அதே வட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். சீட்டு எழுதிக் குலுக்கிப் போடும் நம்மூர் ராஜா-ராணி-திருடன்-போலீஸ் ஆட்டத்தில் போலீஸுக்கு முகக்குறிப்பைத் தவிர வேறு தடயம் கிடையாது. இங்கே தடயம் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும்.

ஆட்டத்தில் ஐந்து பணிகள் உண்டு. மூன்றில் வென்ற தரப்புக்கே ஆட்டம். சுற்றின் தலைவர் ஓர் அணியை முன்மொழிய, அனைவரும் வெளிப்படையாக வாக்களிப்பர். அணி ஏற்கப்பட்டால் அதிலுள்ளோர் வெற்றி அல்லது தோல்விச் சீட்டை மறைவாக இடுவர். புரட்சியாளர் வெற்றிச் சீட்டை மட்டுமே இட முடியும். பொதுவாக ஒரு தோல்விச் சீட்டே பணியைக் கவிழ்க்கப் போதும்.

சீட்டின் விலை

புதிதாக உளவாளியாகிறவர் அணியில் இடம் கிடைத்ததுமே பணியைக் கவிழ்க்கத் துடிப்பார். ஆனால் ஒவ்வொரு தோல்விச் சீட்டும் எதிர்த்தரப்புக்குத் தகவலைக் கொடுக்கிறது. எவ்வளவு தகவல், யாருக்கு என்று கணக்கிட்டு இடுவதே உளவாளியின் முதல் திறமை.

ஐவர் ஆட்டத்தில் பணிகளுக்கு முறையே 2, 3, 2, 3, 3 பேர் வேண்டும். ஒரு புரட்சியாளரின் கண்ணுக்கு மற்ற நால்வரில் உளவாளி இணைகள் ஆறு விதமாக அமையலாம். ஓர் உளவாளி ஒரு புரட்சியாளரோடு சேர்ந்து முதல் பணிக்குப் போய் அதைக் கவிழ்த்தால், கூட வந்தவருக்கு உண்மை அப்போதே தெரிந்துவிடும். அவருடைய ஆறு வாய்ப்புகள் மூன்றாகும். அணிக்கு வெளியே இருந்த புரட்சியாளருக்கோ ஆறில் ஒன்றுதான் கழியும். அதனால் முதல் பணியைக் கவிழ்த்தவர் கூட வந்தவர்மீது அதே வேகத்தில் பழியைத் திருப்பியாக வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு இருவர் பேச்சும் ஒரே எடைதான். இந்தச் சண்டைக்கு மனம் ஒப்பாதவர் முதல் பணியை வெல்ல விட்டு, மூவர் போகும் இரண்டாம் பணிவரை பொறுப்பது நல்லது. அங்கே சந்தேகம் இன்னும் பரவலாகப் படியும்.

இரு உளவாளிகள் ஒரே அணியில் சேர்ந்துவிடும்போதுதான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன. மூவர் அணியில் இரண்டு தோல்விச் சீட்டுகள் விழுந்தால், மீதியிருக்கும் ஒரே புரட்சியாளருக்கு இருவருமே தெரிந்துவிடுவர். ஒருவர் மட்டும் கவிழ்த்தாலோ மற்றவர் பாதிக்கப்பட்டவராக நடிக்கலாம். ஆட்டத்தின் நடுவே இதைப் பேசி முடிவு செய்ய வழியில்லை. எனவே தலைவராயிருக்கும் உளவாளியே கவிழ்ப்பார் என்பது போன்ற வழக்கத்தைப் பழகிய குழுக்கள் வைத்திருப்பதுண்டு.

வாக்கு

சீட்டு மறைவானது, வாக்கு வெளிப்படையானது. உளவாளிகளில் பலர் சீட்டைக் கவனமாக இட்டுவிட்டு வாக்கில் மாட்டிக்கொள்வார்கள். ஐவர் ஆட்டத்தில் தான் இல்லாத மூவர் அணி எதுவானாலும் அதில் ஓர் உளவாளியாவது இருந்தே தீரும் என்பது ஒவ்வொரு புரட்சியாளருக்கும் உறுதி. மற்ற நால்வரில் இருவர் உளவாளிகள் என்பதால் வேறு விதமாக இருக்க முடியாது. ஆகவே தான் இல்லாத மூவர் அணிக்கு ஆதரவாகக் கை தூக்குகிறவர், ஒன்று கணக்குப் பார்க்காதவர், அல்லது உளவாளி. தோழரான மற்ற உளவாளி அந்த அணியில் இருந்தாலும் எதிர்த்து வாக்களிப்பதே உளவாளிக்கு நல்லது.

ஒரே பணிக்குத் தொடர்ந்து ஐந்து அணிகள் நிராகரிக்கப்பட்டால் உளவாளிகள் வென்றுவிடுவர். அந்த அச்சத்தால் ஐந்தாம் முன்மொழிவுக்கு எல்லோரும் இணங்கிவிடுவார்கள். தலைமை வரிசையாக நகரும் என்பதால் ஐந்தாவது யாரிடம் வரும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கலாம். அந்த இடம் உளவாளியுடையதானால், முந்தைய நான்கு அணிகளிலும் நியாயமான குறை கண்டுபிடிப்பது பயன் தரும்.

பேச்சு

என் மதிப்பீட்டில், அதிகம் பொய் சொல்கிறவர் நல்ல உளவாளி அல்லர். பணி தோற்றதும் புரட்சியாளர் திகைப்பார், சுற்றிப் பார்ப்பார், வாய்விட்டுக் கணக்குப் போடுவார். விடை முன்பே தெரிந்த உளவாளி அந்தப் படியைத் தாண்டி நேரே குற்றம்சாட்டப் போய்விடுவார். மேசையில் வெளிப்பட்டதை மட்டும் வைத்து ஒரு புரட்சியாளர் எப்படி யோசிப்பார் என்று உண்மையாகவே யோசித்துப் பேசினால் பேச்சில் பெரும்பகுதி பொய்யாக இருக்கத் தேவையில்லை. தோழர் அகப்பட்ட பின் அவருக்காக வாதாடுவது இருவரையும் சேர்த்து இழப்பதில் முடியும்.

பெரிய குழுவில் சீட்டின் கணக்கும் மாறும். ஏழு அல்லது அதற்கு மேற்பட்டோர் ஆடும்போது நான்காம் பணி கவிழ இரண்டு தோல்விச் சீட்டுகள் வேண்டும். அதில் தனியாக இருக்கும் உளவாளி தோல்விச் சீட்டு இடுவது வீண். பணியும் கவிழாது, சந்தேகம் மட்டும் மிஞ்சும்.

அவலானில் உளவாளிகள் தீயோர், புரட்சியாளர்கள் நல்லோர். நல்லோரில் மெர்லின் என்ற பாத்திரத்துக்குத் தீயோரைத் தெரியும். தீயோர் தரப்பில் மோர்ட்ரெட் என்ற பாத்திரம் சேர்க்கப்பட்டிருந்தால் அவரை மட்டும் தெரியாது. நல்லோர் மூன்று பணிகளை வென்ற பிறகும், தீயோரில் கொலையாளி என்ற பாத்திரம் ஏற்றவர் மெர்லின் யாரென்று சரியாகச் சுட்டிக்காட்டினால் வெற்றி தீயோருக்கே. ஆகவே அங்கே உளவாளிக்கு மெர்லினைக் கண்டுபிடிக்கும் இரண்டாவது வேலையும் உண்டு. ஆதாரம் எதுவும் வெளிவராத முதல் சுற்றுகளிலேயே யார் தவறான அணிகளைச் சரியாக மறுத்தார், யார் தன் சந்தேகத்தைச் சொல்லத் தயங்கினார் என்று அவர் நினைவில் குறித்துக்கொண்டே வர வேண்டும்.