கடல் கடந்த ஆட்டக்காரர்கள்: பல்வங்கர் பாலு முதல் மணத்தி கணேசன் வரை



1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் உயிரிழந்த 17 பேரை நினைவுகூரும் மேடையில் விளையாட்டு அணிகளின் வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் நண்பர்கள் சிலர் தயங்கினார்கள். மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தவர்களை ஆற்றுக்குள் விரட்டியடித்த ஊரில் கிரிக்கெட்டும் கபடியும் பேசுவது பொருந்துமா என்று கேட்டார்கள். பொருந்தும் என்றே கருதுகிறோம். ஒடுக்கப்பட்டவர் எதுவரை போகலாம், போனால் எப்படித் திரும்பலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம்தான் சாதி. கொக்கிரகுளம் வரை நடந்து போவதற்கும் கடல் கடந்து போய் ஆடிவிட்டு வருவதற்கும் குறுக்கே நிற்பது அந்த ஒரே அதிகாரம்.

இந்தியாவிலிருந்து முதலில் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் ஆடப் போனவர்கள் பம்பாய்ப் பார்சிகள். 1886-இலும் 1888-இலும் சொந்தச் செலவில் கப்பலேறினார்கள். பணமும் ஆங்கிலப் படிப்பும் வெள்ளையரோடு பழக்கமும் அவர்களிடம் இருந்தன. அனைத்து சமூகங்களும் கலந்த 'அகில இந்திய' அணி 1911 மே மாதத்தில்தான் புறப்பட்டது. அதன் தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். பார்சிகள் ஆறு பேர், இந்துக்கள் ஐந்து பேர், முஸ்லிம்கள் மூன்று பேர் என்று மதவாரியாக இடங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. இந்துக்களின் ஐந்து இடங்களில் இரண்டில் இருந்தவர்கள் பல்வங்கர் பாலுவும் அவர் தம்பி சிவராமும். தோல் தொழிலாளர் சாதியில் பிறந்த தலித்துகள்.

பாலு கிரிக்கெட் கற்ற விதத்தைச் சொல்ல வேண்டும். அவர் அப்பா புனே பக்கம் ராணுவத்தில் கடைநிலை வேலை பார்த்தவர். பாலு சிறுவனாக இருந்தபோது ஒரு பார்சி கிளப்பில் மைதானம் கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். பிறகு வெள்ளையரின் புனே கிளப்பில் நான்கு ரூபாய் மாதச் சம்பளத்துக்குப் போனார். ஆடுகளத்தை உருட்டுவார், வலை கட்டுவார், அதிகாரிகள் மட்டையடித்துப் பழக மணிக்கணக்கில் பந்து வீசுவார். மட்டை பிடிக்கும் வாய்ப்பு மட்டும் வரவில்லை. வேலைக்காரனாக வீசிப் பழகிய கைதான் இந்தியாவின் முதல் பெரிய சுழல் பந்துவீச்சாளரின் கையானது.

புனே இந்துக்களுக்கு வெள்ளையர் அணியை வெல்ல அந்தக் கை தேவைப்பட்டது. அணியில் சேர்த்தார்கள். மைதானத்தில் பாலு தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே நிறுத்தி மண் குவளையில் ஊற்றினார்கள். சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி இடம். நம் ஊர் டீக்கடைகளின் தனிக்குவளையை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இங்கிலாந்தில் அந்த அணி 23 ஆட்டங்கள் ஆடியது. 6-இல் வென்றது, 15-இல் தோற்றது. மகாராஜா சில ஆட்டங்களோடு ஒதுங்கி, ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவை ஒட்டிய விருந்துகளில் மூழ்கிவிட்டார். தோற்றுக்கொண்டிருந்த அணிக்காக நாளெல்லாம் பந்து வீசியவர் பாலு. எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து 114 விக்கெட்டுகள் எடுத்தார். ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்தது சராசரியாக 19 ஓட்டங்களுக்கும் குறைவு. லீசெஸ்டர்ஷயர், சாமர்செட் ஆகிய இரண்டு கவுண்டி அணிகளை இந்தியர்கள் வென்றார்கள். சாமர்செட்டை ஒரே விக்கெட்டில் தோற்கடித்த ஆட்டத்தில் சிவராமின் சதம் கைகொடுத்தது.

திரும்பி வந்தபோது பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் பாலுவுக்கு வரவேற்பு நடத்தினார்கள். அந்த வரவேற்புப் பத்திரத்தை எழுதி வழங்கியவர் அப்போது எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பீமராவ் அம்பேத்கர் என்று வரலாற்றாளர் ராமச்சந்திர குகா பதிவு செய்கிறார். இரண்டே ஆண்டுகளில், 1913-இல், அந்த மாணவரும் கப்பலேறி நியூயார்க் போனார். ஒருவர் பந்தோடு போனார், ஒருவர் புத்தகத்தோடு போனார். சேரியில் இருந்தவர்கள் இரண்டையும் தங்கள் பயணமாகவே கொண்டாடினார்கள்.

ஆனால் 114 விக்கெட்டுகள் பாலுவை இந்து அணியின் தலைவராக்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு கேள்வி எழுந்தது, ஆண்டுக்கு ஆண்டு வேறொருவர் தலைவரானார். 1920-இல் அவரை அணியிலிருந்தே நீக்கினார்கள். அப்போது தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளியேறினார்கள். வெளிப்படையாக அறிக்கை விட்டு, காரணம் சாதி என்று சொன்னார்கள். ஊர் பேசியது, பத்திரிகைகள் எழுதின. பாலுவைத் துணைத்தலைவராக அழைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1923-இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார், அணி வென்றது. பயணம் பாலுவுக்குப் புகழைக் கொடுத்தது. பதவியைக் கொடுத்தது தம்பிகளின் வேலைநிறுத்தம். இன்று நாம் சொல்ல வந்தது இதுதான்.

பாலுவின் பிற்காலத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 1932 பூனா ஒப்பந்தத்தின்போது தனித் தொகுதி கேட்ட அம்பேத்கருக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்களில் நம் எம்.சி. ராஜாவும் இருந்தார், பாலுவும் இருந்தார். 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது பாலுவைத்தான். அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றார்கள். நம்மில் ஒருவர் ஈட்டிய புகழை நமக்கு எதிராகவே நிறுத்த முடியும் என்பதும் இந்த வரலாற்றின் பாடம். அதற்காக அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது.

பம்பாய் நமக்குத் தொலைவான ஊரல்ல. தாராவியின் தமிழர்களில் பெரும்பகுதி திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்கப் போனவர்கள், அவர்களில் ஆதிதிராவிடர் ஏராளம். அங்கிருந்து இந்த ஆற்றங்கரைக்குத் திரும்புவோம்.

தாமிரபரணி கடலை நெருங்கும் இடத்தில், ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் மணத்தி என்றொரு ஊர். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து, அங்கே புழுதியில் கபடி ஆடிய கணேசன் 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றார். 2025-இல் மாரி செல்வராஜின் 'பைசன்' படம் வந்தபிறகே தமிழகத்தில் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டார்கள். கபடி என்பது எதிராளியைத் தொட்டுவிட்டு உயிரோடு திரும்பும் ஆட்டம். சாதி ஊர்களில் அதை ஆடுவதன் பொருள் நமக்குத் தெரியும். தொடுவதும் பிரச்சினை, வெல்வதும் பிரச்சினை.

கணேசன் ஹிரோஷிமா போய்வந்து ஓராண்டு ஆவதற்குள், 1995 ஆகஸ்ட் 31 அன்று, ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். வளைகுடா வேலையால் கொஞ்சம் தலையெடுத்திருந்த தலித் கிராமம் அது. டிவி, தையல் மிஷின், டிராக்டர் எல்லாம் நொறுக்கப்பட்டன. கிணற்றில் விஷம் கலந்தார்கள். படித்த இளைஞர்களின் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டுகளையும் தீயில் போட்டார்கள் என்பதை அன்றைய பத்திரிகைகள் எழுதின. வீட்டில் எரிப்பதற்கு எவ்வளவோ இருக்க, பாஸ்போர்ட்டை ஏன் தேடி எரிக்க வேண்டும்? வெளியே போய்வந்தவன் பழைய கூலிக்குக் குனியமாட்டான் என்று எரித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரே மாவட்டம், ஒரே காலம். ஓர் ஊரின் பாஸ்போர்ட் தங்கத்தோடு திரும்பியது, இன்னோர் ஊரின் பாஸ்போர்ட்டுகள் சாம்பலாயின.

திரும்பி வருவதிலும் சிக்கல் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோஹாவில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். நாட்டுக்காக ஓடப் போனவர் தனியாகத் திரும்பினார். நிரந்தரப் பயிற்றுநர் வேலை கிடைக்கப் பத்தாண்டு ஆனது. பாலு திரும்பியபோது வரவேற்க ஒரு சமூகம் திரண்டு நின்றது. சாந்தி திரும்பியபோது நாம் எங்கே நின்றோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்று அண்ணா விளையாட்டரங்கத்திலும் வ.உ.சி. மைதானத்திலும் விடிகாலையில் ஓடுகிற பிள்ளைகளில் நம் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களைக் குறிவைத்து ஒரு தொழில் நடக்கிறது. 'இன்டர்நேஷனல் டோர்னமென்ட்' என்று பக்கத்து நாடு ஒன்றுக்குக் கூட்டிப்போவார்கள், டிக்கெட், தங்குமிடம், நுழைவுக் கட்டணம் எல்லாம் பிள்ளைகள் தலையில். எங்களுக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவனுக்காக அவன் அம்மா பீடி சுற்றிச் சேர்த்ததோடு கம்மலையும் அடகு வைத்தார். இரண்டு மூன்று அணிகள் மட்டும் ஆடிய போட்டியில் பதக்கம் வந்தது, தெருவில் ஃபிளெக்ஸும் வைத்தார்கள். வேலைக்கு விண்ணப்பித்தபோது, சான்றிதழ் கொடுத்த அமைப்புக்கு அங்கீகாரம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். "பாஸ்போர்ட்டுல சீல் குத்தியிருக்கே அண்ணே, அதுகூடச் செல்லாதா?" என்று அந்த அம்மா கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

பதில் இல்லாமல் இருக்கக்கூடாது என்றுதான் இந்த உரை. மாணவர்களே, யார் அழைத்தாலும் முதலில் கேளுங்கள்: அந்தச் சங்கத்தை ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்திருக்கிறதா? பல்கலைக்கழக அணி என்றால் அழைப்பு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வழியாக வருகிறதா? தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஒன்றிய அரசு வேலைகளில் நாட்டுக்காக ஆடியதற்கு ஒரு படிவம், மாநிலத்துக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. பல நேரங்களில் காசு கட்டிப் போகும் வெளிநாட்டுப் பயணத்தைவிட, காசில்லாமல் ஆடும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி உங்கள் வாழ்க்கைக்கு அதிகம் உதவும்.

தோழர்களே, நம் பங்கும் இருக்கிறது. தகுதி பெற்ற நம் பிள்ளைக்கு நல்ல ஷூவும் பாஸ்போர்ட்டும் பயணச் செலவும் அரசு தர வேண்டும் என்று கேட்போம். அணித் தேர்வில் சாதி புகுந்தால் தம்பிகள் சிவராமும் விட்டலும் செய்ததைச் செய்வோம்: ஒருவர் நீக்கப்பட்டால் மற்றவர்கள் ஆட மறுப்போம், காரணத்தை ஊரறியச் சொல்வோம். பதக்கத்தோடு வந்தாலும் வெறுங்கையோடு வந்தாலும், திரும்பி வருகிற பிள்ளைக்காக ஜங்ஷன் ரயில் நிலையத்தில் போய் நிற்போம். 1911-இல் பம்பாயின் ஏழைத் தொழிலாளர்கள் செய்த அந்தக் காரியத்தைச் செய்ய நமக்குப் பெரிய பணம் எதுவும் தேவையில்லை.

ஜெய்பீம்.