ஆஸ்துமா

ஆஸ்துமா, மூச்சுக்குழாய்களில் நீடித்திருக்கும் அழற்சியால் வரும் நோய். பேச்சுவழக்கில் இதற்கு இரைப்பு, இழுப்பு, வீசிங் என்று பெயர். உறுத்தும் பொருள் ஏதேனும் பட்டதும், ஏற்கெனவே வீங்கியிருக்கும் குழாய்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. சளி சுரந்து வழி மேலும் குறுகுகிறது. மூச்சை இழுப்பதைவிட வெளிவிடுவதே அப்போது கடினம். இருமலும் நெஞ்சு இறுக்கமும் இரவிலும் விடியற்காலையிலும் மிகும்.

தூண்டும் பொருள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், எல்லோருக்கும் ஒரே பத்தியம் விதிப்பதில் பயனில்லை. எந்த இடத்தில், எந்த வேளையில், எதற்குப்பின் இரைப்பு வருகிறது என்று குறித்துவைப்பதே முதல் வேலை. குழந்தைகளுக்குச் சளிக்காய்ச்சலே பெரும்பாலும் காரணமாகிறது. கொசுவர்த்தி, சாம்பிராணி, விறகடுப்பு, சிகரெட் ஆகியவற்றின் புகை, கரப்பானின் எச்சம், மகரந்தம், குளிர்காற்று ஆகியவையும் தூண்டலாம். சிலருக்கு ஆஸ்பிரின் மாத்திரையே ஆபத்தாகும்.

வீட்டுக்குள் இருக்கும் முக்கியமான தூண்டி தூசி உண்ணி. கண்ணுக்குப் புலப்படாத இந்தச் சிற்றுயிர், மனித உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் பெருகுகிறது. ஒவ்வாமை தரும் புரதம் அதன் எச்சத்தில் நிறைந்திருப்பதால், உண்ணியைக் கொன்றால் மட்டும் போதாது. விரிப்புகளையும் உறைகளையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் இரண்டும் நீங்கும். தரையை ஈரத்துணியால் துடைப்பது நல்லது. துடைப்பத்தால் பெருக்கினால் தூசி கிளம்பும். ஒட்டடை அடிக்கும்போது நோயாளி அங்கே இருக்கக்கூடாது.

தூண்டியைக் கண்டறிவதால் விளையும் நன்மைக்கு ஸ்பெயினின் பார்சிலோனா நகரம் சான்று. 1980களில் அங்கே சில நாள்களில் மட்டும் ஆஸ்துமா நோயாளிகள் கூட்டமாக மருத்துவமனைக்கு வந்தனர். துறைமுகத்தில் சோயா இறக்கப்பட்ட நாள்களே அவை என்று ஆய்வாளர்கள் கண்டனர். தானியக் கிடங்கில் தூசி வடிகட்டிகள் பொருத்தியபின் அந்தத் தாக்குதல் அலைகள் நின்றன.

எல்லாத் தூண்டிகளையும் விலக்க இயலாது. உடற்பயிற்சி இரைப்பைத் தூண்டினாலும் அதைக் கைவிடாமல், மருத்துவர் சொல்படி மருந்தைச் சரிசெய்துகொள்வதே முறை. அழற்சியைத் தணிப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். நேரடியாக மூச்சுக்குழாய்க்குச் செல்வதால் அதில் மருந்தின் அளவு மிகக் குறைவு. அது அடிமையாக்கிவிடும் என்ற அச்சம் தவறானது. அந்த அச்சத்தால் மருந்தை நிறுத்துவோர்தான் ஆபத்துக்குள்ளாகிறார்கள். இரைப்பு இல்லாத நாள்களிலும் அழற்சி இருக்கக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் அதை நிறுத்தக்கூடாது. உடனடி நிவாரண இன்ஹேலருக்கும் இரைப்பு அடங்காவிட்டாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.