ஜி.பி.எஸ். ட்ரோலிங் மோட்டார்: மின்பழுதுகளைக் கண்டறிதல்

ட்ரோலிங் மோட்டார் என்பது மீன்பிடிப் படகை ஓசையின்றி மெல்ல நகர்த்தப் பயன்படும் பேட்டரி மோட்டார். பெரும்பாலும் படகின் முன்முனையில் பொருத்தப்படும். ஜி.பி.எஸ். வகை மோட்டார் இதோடு நங்கூரத்தின் வேலையையும் செய்கிறது: ஓரிடத்தைக் குறித்துவிட்டால், காற்றும் நீரோட்டமும் தள்ளும்போதெல்லாம் தானே திரும்பிச் சுழன்று படகை அவ்விடத்துக்கு இழுத்து வரும். இந்த மோட்டாரில் ஜி.பி.எஸ். கோளாறு எனத் தோன்றுபவற்றில் பல, பேட்டரியிலிருந்து மின்சாரம் வரும் வழியில் உள்ள பழுதுகளே.

தோற்றம்

1934-இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலம் ஃபார்கோ நகரில் ஓ.ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டு ட்ரோலிங் மோட்டாரின் முன்னோடியை உருவாக்கினார். அதிலிருந்து மின் கோட்டா நிறுவனம் வளர்ந்தது. பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நீக்கியதும், சில மீட்டர் துல்லியம் சாதாரணக் கருவிகளுக்கும் கைகூடியது. 2010-ஐ ஒட்டி மின் கோட்டாவின் ஐ-பைலட் ஜி.பி.எஸ். நங்கூர வசதியை ட்ரோலிங் மோட்டாருக்குக் கொண்டுவந்தது. 2019-இல் கார்மின், லோரன்ஸ் நிறுவனங்கள் பிரஷ் இல்லாத மோட்டார்களோடு களமிறங்கின.

மின்னமைப்பு

இவை 12, 24, 36 வோல்ட்டில் இயங்குகின்றன. ஒன்று, இரண்டு அல்லது மூன்று 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைப்பது வழக்கம். தள்ளுவிசை பவுண்டில் குறிக்கப்படும்: 12 வோல்ட்டுக்கு 55, 24-க்கு 80, 36-க்கு 112 என்பவை பரவலான அளவுகள். முழு வேகத்தில் இவை மூன்றுமே ஏறத்தாழ 50 முதல் 56 ஆம்பியர் வரை இழுக்கும். எனவே 60 ஆம்பியர் டி.சி. பிரேக்கர் பரிந்துரைக்கப்படுகிறது.

பேட்டரி பின்புறத்திலும் மோட்டார் முன்முனையிலும் இருப்பதால் வயர் நீளம் கூடுகிறது. பிரேக்கர், பிளக், டெர்மினல் என இடையில் வரும் ஒவ்வோர் இணைப்பும் பழுதுக்கு இடமாகலாம். மோட்டாரின் தலைப்பகுதியில் கட்டுப்பாட்டுப் பலகை, ஜி.பி.எஸ். ஏற்பி, திருப்பு மோட்டார் ஆகியவை உள்ளன. மின்னணுத் திசைகாட்டி சில மாடல்களில் அங்கேயே இருக்கும். சிலவற்றில் தனிப் பெட்டியாக வரும்.

மின்னழுத்த வீழ்ச்சி

மெதுவாக ஓடும்போது குறையொன்றும் இருக்காது. வேகத்தைக் கூட்டியதும் மோட்டார் திணறும்; கட்டுப்பாட்டுப் பலகை அணைந்து மீண்டும் உயிர்பெறும்; குறித்து வைத்த நங்கூரப் புள்ளி மறைந்துவிடும். ஜி.பி.எஸ். பழுது என்று பலர் முடிவுகட்டும் அறிகுறி இது. உண்மையில், அதிக மின்னோட்டம் பாயும்போது மின்னழுத்தம் சரிந்து, பலகையால் விழித்திருக்க முடியாமல் போகிறது.

படகின் நீளவாட்டில் 6 மீட்டர் வயர் என்றால் போக வர 12 மீட்டர். 50 ஆம்பியர் பாயும்போது அமெரிக்க அளவில் 6-ஆம் எண் செம்பு வயர் சுமார் 0.8 வோல்ட்டை விழுங்கும். அதைவிட மெல்லிய 10-ஆம் எண் வயர் சுமார் 2 வோல்ட்டை விழுங்கும். களிம்பு ஏறிய ஒரே ஒரு டெர்மினலில் 0.02 ஓம் தடை இருந்தாலும் அங்கே 1 வோல்ட் போய்விடும். அந்த இடத்தில் 50 வாட் வெப்பமும் எழும். ஓட்டி நிறுத்தியதும் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும் இணைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சோதனையை லோடில்தான் செய்ய வேண்டும். ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரி 12.6 வோல்ட் காட்டுவதால் அது நல்ல பேட்டரி என்று ஆகிவிடாது. மோட்டாரைக் காற்றில் சுழற்றிப் பார்ப்பதும் பயன்தராது. நீர் எதிர்க்காதபோது அது மிகக் குறைவாகவே மின்சாரம் இழுக்கும். படகைக் கட்டிவைத்து, ப்ரொப்பல்லரை நீருக்குள் முழு வேகத்தில் ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் வைத்து, மறுமுனையால் பிரேக்கரின் இருபுறம், பிளக் என வரிசையாகத் தொட்டுப் போகலாம். எண் திடீரெனக் கூடும் இடத்தில் பழுது இருக்கிறது. நெகட்டிவ் பக்கத்தையும் இதேபோல் பார்க்க வேண்டும். தொடர் இணைப்பில் ஒவ்வொரு பேட்டரியையும் தனியே அளந்தால், லோடில் 10 வோல்ட்டை நெருங்கும் நோஞ்சான் பேட்டரி தெரிந்துவிடும். லித்தியம் பேட்டரியில் வேகம் படிப்படியாகக் குறையாது. உள்ளிருக்கும் காப்புச் சுற்று மின்சாரத்தைச் சட்டென்று துண்டிக்கும்.

பிரேக்கர் விழுதல்

ப்ரொப்பல்லரில் தூண்டில் நரம்போ நீர்ப்பாசியோ சுற்றியிருப்பதே எளிய காரணம். பிரேக்கரின் திருகு தளர்ந்து சூடாகிக் கிடந்தாலும், வெயிலில் காய்ந்தாலும், குறித்த அளவுக்கு முன்பே விழக்கூடும். அதற்காகப் பெரிய பிரேக்கரைப் போடுவது வயரைத் தீக்கு ஒப்புக்கொடுப்பதாகும்.

திசை தவறுதல்

மின்னழுத்தம் சரியாக இருந்தும் படகு நங்கூரப் புள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது திசைகாட்டி. ஜி.பி.எஸ். இருக்குமிடத்தைச் சொல்லும்; ஆனால் அசையாமல் நிற்கும் படகின் முன்முனை எத்திசை நோக்குகிறது என்பதை அதன் ஒற்றை ஏற்பியால் சொல்ல இயலாது. அந்த வேலை திசைகாட்டியுடையது.

50 ஆம்பியர் பாயும் ஒற்றை வயர் 30 செ.மீ. தொலைவில் ஏறக்குறைய 33 மைக்ரோடெஸ்லா காந்தப்புலத்தை உண்டாக்கும். புவியின் காந்தப்புலமே 25 முதல் 65 மைக்ரோடெஸ்லாதான். பாசிட்டிவ், நெகட்டிவ் வயர்களைப் பிரித்து ஓட்டியிருந்தால் திசைகாட்டி ஏமாறும். ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால் இரண்டின் புலங்களும் பெருமளவு நீங்கிவிடும். வேகம் கூடும்போது மட்டும் திசை பிசகினால் வயரையும், எப்போதும் பிசகினால் அருகிலுள்ள ஸ்பீக்கர், இரும்புப் பொருள், விடுபட்ட அளவுத்திருத்தம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

பிற அறிகுறிகள்

கால் பெடலுக்குப் பணிந்து ரிமோட்டுக்குப் பணியாத மோட்டாரில், ரிமோட்டின் பேட்டரியையும் இணைப்பையும் சோதித்தால் போதும். மோட்டார் ஓடும்போது மட்டும் மீன்காட்டியின் திரையில் கோடுகள் தோன்றினால், வேகக் கட்டுப்பாட்டுச் சுற்றின் மின்னிரைச்சல் அதில் நுழைகிறது. மீன்காட்டிக்குத் தனி பேட்டரி தந்து, இரண்டின் கேபிள்களையும் விலக்கி வைப்பது தீர்வு. மின்சாரத்தைத் துண்டித்து, மோட்டாரின் இரு வயர் முனைகளும் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து வைத்த பிறகும், பிரஷ் வகை மோட்டாரின் ப்ரொப்பல்லர் கையால் சுற்றும்போது விட்டுவிட்டுப் பிடித்தாற்போல் சுழன்றால் உள்ளே ஷார்ட் அல்லது நீர்க்கசிவு இருக்கலாம். இது பழுதுநிலையத்துக்குரிய வேலை.

பாதுகாப்பு

இணைப்பைக் கழற்றும்போது நெகட்டிவ் வயரை முதலில் எடுத்து, பூட்டும்போது அதைக் கடைசியில் போட வேண்டும். லோடில் அளக்கும்போது ப்ரொப்பல்லர் அருகே கையோ கயிறோ போகக்கூடாது. பேட்டரியும் வழித்தடமும் லோடில் தேறிய பின்னரே கட்டுப்பாட்டுப் பலகையை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.