எலும்புத் தசை சுருங்கும் விதம் – கண்டறிந்த வரலாறு

எலும்புகளுடன் தசைநாண்களால் இணைந்து, நமது விருப்பத்திற்கு ஏற்ப இயங்கும் தசைகள் எலும்புத் தசைகள் எனப்படுகின்றன. மனித உடலில் இவை 600-க்கும் மேற்பட்டவை. தசையால் எலும்பை இழுக்க முடியும், தள்ள முடியாது. எனவே இவை பெரும்பாலும் எதிரெதிராக இயங்குகின்றன. முழங்கையை மடக்க மேற்கையின் முன்புறமுள்ள இருதலைத் தசையும், நீட்டப் பின்புறமுள்ள முத்தலைத் தசையும் சுருங்குகின்றன. இச்சுருக்கம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

காற்றடைத்த பை

கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் எராசிஸ்ட்ராட்டசு, நரம்புகளின் வழியே ஒருவகை உயிர்க்காற்று வந்து தசையை நிரப்புகிறது என்றும், அதனால் தசை அகன்று நீளத்தில் குறைகிறது என்றும் கருதினார். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு மெய்யியலாளர் டேக்கார்ட்டும் ஏறத்தாழ இதையே கூறினார். மடக்கிய கையில் தசை புடைப்பதைக் காணும் எவருக்கும் இது உண்மையாகவே தோன்றும்.

ஒரு துளி நீர்

இதனை அளந்து பார்த்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த யான் சுவாமர்டம் (1637–1680). தவளையின் தசையை நரம்புடன் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, குழாயின் குறுகிய முனையில் ஒரு துளி நீரை வைத்தார். தசைக்குள் ஏதேனும் புகுந்து அது பெருத்தால் நீர்த்துளி மேலேற வேண்டும். நரம்பைத் தூண்டியபோது தசை சுருங்கியது, துளி மேலேறவில்லை. தசையின் வடிவம் மாறுகிறதே தவிர, பருமன் கூடுவதில்லை என்பது தெளிவாயிற்று. ஆயினும் இந்த ஆய்வு அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னரே, 1737–38-இல் அச்சில் வெளிவந்தது.

1791-இல் இத்தாலியின் லூயிசி கால்வானி, மின்சாரம் தவளைக் காலைத் துடிக்கச் செய்வதை விளக்கி நூல் வெளியிட்டார். நரம்பில் செல்வது காற்று அன்று, மின்துடிப்பு என்ற கருத்துக்கு இது வழிவகுத்தது.

வழுக்கும் இழைகள்

தசை நார்களில் கரும்பட்டைகளும் வெளிர்பட்டைகளும் மாறி மாறி அமைந்துள்ளன. 1954-இல் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றை ஆண்ட்ரூ அக்சுலியும் நீடர்கெர்க்கேயும், மற்றொன்றை இயூ அக்சுலியும் சீன் ஆன்சனும் எழுதினர். அக்சுலி இருவரும் உறவினர் அல்லர். தசை சுருங்கும்போது கரும்பட்டையின் நீளம் மாறாமலிருக்க, வெளிர்பட்டை குறுகுவதை இரு குழுக்களும் கண்டன. அதாவது, இழைகள் தாம் குறுகுவதில்லை. தடித்த மையோசின் இழைகளுக்கு இடையே மெல்லிய ஆக்டின் இழைகள் வழுக்கிச் செல்கின்றன.

நரம்பின் தூண்டலால் தசை நாரினுள் கால்சியம் வெளிப்படும்போது, மையோசின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. பிடியை விட்டு அடுத்த இடத்தைப் பற்ற ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு தேவை. இறந்தபின் ஏ.டி.பி. தீர்ந்துவிடுவதால் அப்பிடி விடுபடுவதில்லை, உடல் விறைக்கிறது. ஆக, தசை தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும்.