மாகாணமாக இருந்த நாடு

யாங்கோனில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் பழங்கதை பேச ஆரம்பித்தால் 1942 வரும், 1964 வரும். 1937 வந்ததே இல்லை. பர்மா என்கிற மாகாணம் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்ட ஆண்டு அது. எங்கள் தமிழ் ஜனங்களின் கதையை அந்த ஆண்டை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

மாகாணம் மூன்று போர்களில் உருவானது. 1826இல் அரக்கானும் தெனாசரிமும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. 1852இல் ரங்கூன், அதாவது இன்றைய யாங்கோன், விழுந்தது. 1862இல் பிடித்த நிலங்களை எல்லாம் ஒன்றாக்கி, ஆர்தர் ஃபேர் என்பவரைத் தலைமை ஆணையராக வைத்தார்கள். மண்டலேயில் அரசர் தீபோவை இறக்கியபின், 1886 ஜனவரி 1 அன்று மேல் பர்மாவும் சேர்ந்தது. ரங்கூனில் சூலே பயா என்கிற புத்தக் கோயிலை நடுவில் வைத்துக் கட்டம் கட்டமாகத் தெரு போட்டது அந்த 1852 போருக்குப் பிறகு. இன்று அனோரத்தா சாலை என்கிறோமே, அதுதான் அந்நாளைய ஃபிரேசர் தெரு. காளியம்மன் கோயிலை நம்மவர்கள் 1871இல் அங்கே எழுப்பினார்கள்.

மாகாணம் என்றால் எங்கள் தாத்தாக்களுக்கு என்ன? இரு கரையிலும் ஒரே ரூபாய், ஒரே சட்டம். சென்னையில் கப்பலேறினால் சில நாளில் ரங்கூன் துறை. பாஸ்போர்ட் கேட்பார் இல்லை. தஞ்சாவூரிலிருந்து மதுரைக்குப் பிழைக்கப் போகிற மாதிரி இங்கே வந்தார்கள். துறைமுகத்திலும் அரிசி ஆலையிலும் மூட்டை தூக்கினார்கள், ரயிலில் வேலை பார்த்தார்கள், பலசரக்குக் கடை வைத்தார்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் நான்கு லட்சம் பேர். பாதிக்கு மேல் இந்தியர். தெலுங்கு, தமிழ், வங்காளி, குஜராத்தி என்று எல்லாரும் கலந்த கணக்கு அது. பர்மியர் தங்கள் நாட்டின் தலைநகரிலேயே சிறுபான்மை. வந்தவர்களின் பேரனாக இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை: ஒரு நாட்டுக்காரனுக்கு அது வலிக்காமல் இருக்காது.

ரங்கூன் மொகல் தெருவில்தான் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைகள். இப்போது அது ஷ்வேபோந்தா தெரு. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தபின் ஐராவதி முகத்துவாரத்து நெல்லுக்கு உலகச் சந்தை பிறந்தது. காடு வெட்டி வயலாக்கப் பர்மிய விவசாயிக்குப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் நெல் வயலை நம்பிக் கடன் கொடுக்காது, செட்டியாருக்குக் கொடுக்கும். செட்டியார் அதில் தன் முதலையும் போட்டு விவசாயிக்குக் கொடுப்பார். ஊரிலிருந்து மூன்று வருடக் கணக்குக்கு மேலாள் வருவார், உதவிக்கு அடுத்தாள், பெட்டியடிப் பையன். மாதந்தோறும் தமிழ்த் தேதி 16 அன்று மாலையில் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயிப்பார்கள். முருகன் சந்நிதியில் சொன்ன வட்டியை மீறுவது அவர்களுக்குள் நடக்காத காரியம். 1930 வாக்கில் பர்மா முழுவதும் 1,650 அளவில் கடைகள் இருந்தன. சிற்றூரிலும் ஒரு செட்டியார் கடையின் விலாசம் தொங்கும்.

அந்தச் சமயத்தில்தான் உலகச் சந்தையில் நெல் விலை சரிந்தது. விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கிட்டங்கிக்கு வந்தது. கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார் பெயரில் இருந்தது. 1938இல் இருபத்தைந்து. செட்டியாருக்கு வேண்டியது பணம்; சேற்று வயலை வைத்து அவர் என்ன செய்வார்? ஆனால் நிலத்தை இழந்தவன் அப்படி யோசிப்பானா? செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களைத் தடவிப் பார்த்து மகிழ்கிறவர்கள் இந்தக் கணக்கையும் அறிந்துகொள்ள வேண்டும்.

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் ரத்தம் சிந்தியது. அங்கே தகராறு வட்டியால் வந்ததல்ல, வேலையால் வந்தது. தெலுங்குத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் இடத்தில் பர்மியரைக் கொண்டுவந்தார்கள். பிறகு பேச்சு முடிந்து பழைய ஆட்களையே திரும்ப எடுத்தபோது மோதல் வெடித்தது. லாபம் பார்த்த முதலாளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூலி வாங்கியவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு 1937 ஏப்ரல் 1 அன்று பிரிவினை. சட்டம் லண்டனில் 1935லேயே நிறைவேறிவிட்டது. போக்குவரத்து கொஞ்ச காலம் பழையபடி நடக்கும் என்று ஏற்பாடு இருந்ததால் எங்கள் ஆட்கள் அசட்டையாக இருந்துவிட்டார்கள். ஆனால் ஒரே நாளில் சொந்த மாகாணமே அவர்களுக்கு வேறு நாடாகிவிட்டது. 1941இல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அது நடைமுறைக்கு வருமுன் டிசம்பர் 23 அன்று ஜப்பானியக் குண்டுகள் ரங்கூனில் விழுந்தன.

எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மா 1932 முதல் இங்கே வாழ்ந்தவர். இங்கிருந்துதான் 'ஜோதி' பத்திரிகையை நடத்தினார். குண்டு விழுந்தபின் 1942இல் அவரும் மனைவியும் லட்சக்கணக்கானவர்களோடு மலையும் காடும் கடந்து இந்தியாவுக்கு நடந்தார்கள். அந்த நடையைப் பிறகு புத்தகமாகவும் எழுதினார். அரக்கான் வழியிலும் தமூ வழியிலும் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

1948 ஜனவரி 4 அன்று பர்மாவுக்கு விடுதலை. அதற்குமுன் 1947 ஜூலை 19 அன்று தலைமைச் செயலகத்தில் விடுதலைத் தலைவர் ஜெனரல் ஆங் சானோடு சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் அப்துல் ரசாக் ஒருவர். தந்தை வழியில் இந்திய முஸ்லிம், மண்டலேயில் தேசியப் பள்ளித் தலைமையாசிரியர். ஆண்டுதோறும் தியாகிகள் தினத்தில் அவருக்கும் மலர் வைக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிவதில்லை; எனக்கு அது பெரிய குறை.

1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் தேசியமயமாயின. மே 17 அன்று ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். வங்கி பார்க்காத சிறு வியாபாரி வீட்டுக்குள் வைத்திருந்த சேமிப்பு அதோடு போயிற்று. அதற்குப்பின் சில ஆண்டுகள் கப்பல் கப்பலாகப் புறப்பட்டார்கள். என் பெரியப்பா குடும்பம் சென்னைக்குப் போனது, அப்பா இங்கேயே தங்கினார். சென்னையில் பர்மா பஜாரும், வடசென்னைத் தெருக்களில் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸும் அப்படி வந்தவை. ஊர் ஒட்டாமல் மறுபடி பர்மாவுக்கே தரைவழி திரும்ப முயன்றவர்கள் மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயில் நின்றுபோனார்கள். அங்கே கோயில் கட்டித் தமிழோடு இன்றும் வாழ்கிறார்கள்.

1982 குடியுரிமைச் சட்டம் மண்ணின் மக்களைத் தீர்மானிக்க 1823ஆம் ஆண்டைக் கோடாகப் போட்டது. முதல் ஆங்கில–பர்மியப் போருக்கு முந்தைய வருடம் அது. மாகாணக் காலத்தில் வந்தவர் எல்லாரும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆத்திசூடிக்குப் பிறகு 1823, 1937, 1964 என்ற மூன்று வருடங்களையும் பலகையில் எழுதிப் போடுகிறேன். தங்கள் குடியுரிமை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, ஏன் அப்படி எழுதியிருக்கிறது என்று பிள்ளைகள் அறிந்துகொள்ள இவை வேண்டும்.