கொதித்த சாற்றைக் குளிரவைத்த கதை



வெப்பம் பற்றிய பாடத்தை நடத்தும்போது நாம் காட்டும் சான்றுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். சுடுநீரில் இட்ட கரண்டி, வெயிலில் காய்ந்த இரும்புக் கதவு, கடைசியாகக் குளிர்பதனப் பெட்டி. 'இந்தப் பெட்டியை எதற்காகக் கண்டுபிடித்தார்கள்?' என்று மாணவர் யாரேனும் கேட்டால், பாலும் மீனும் கெடாமல் இருக்க என்று விடை கூறி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் தொடக்கக் காலத்தில் பேரளவிலான குளிர்பொறிகளுக்கு அஞ்சாமல் பணம் போட்டவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் பீர் காய்ச்சுவோர். கொதிக்கக் கொதிக்க இருக்கும் ஒரு பானைச் சாற்றை எப்படி விரைவாகவும் தூய்மையாகவும் குளிரவைப்பது என்னும் கேள்வி அவர்களைப் பல நூற்றாண்டுகள் வாட்டியது. அந்தக் கேள்வியின் வரலாறே இக்கட்டுரை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பீரைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். தோட்டப்புறத்தில் கள்ளும் சம்சுவும் நம் குடும்பங்களுக்கு என்ன செய்தன என்பதை நாம் அறிவோம். குடியைப் போற்றுவது என் நோக்கமன்று. பீர் ஆலையின் கொப்பரையில் பிறந்த அறிவியலை மறைத்துவிட்டு வெப்பவியலைச் சொல்லித்தர முடியாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாறு என்னவென்று பார்ப்போம். வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். நம் பிள்ளைகள் காலையில் குடிக்கும் மைலோவில் இருப்பதும் இதே மால்ட்தான். இதை இடித்து வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் இனிப்பான சாறு கிடைக்கும். ஆங்கிலத்தில் இதனை வோர்ட் என்பர். ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைச் சேர்த்து இச்சாற்றை ஒரு மணி நேரம் போலக் கொதிக்கவைப்பார்கள். பிறகு ஈஸ்ட் இட வேண்டும். சாறு சூடாக இருந்தால் ஈஸ்ட் மடிந்துவிடும். ஆதலால் குளிரவைத்தே ஆக வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கொதிக்கும்போது கிருமிகள் எல்லாம் அழிகின்றன. ஆனால் சாறு வெதுவெதுப்பான நிலைக்கு இறங்கியவுடன், காற்றில் மிதந்து வரும் கிருமிகளுக்கு அதைவிடச் சிறந்த விருந்து வேறில்லை. மால்டிலிருந்து வெளிப்படும் ஒருவகைக் கந்தகச் சேர்மமும், மெல்ல ஆறும் சூடான சாற்றில் தங்கி, வெந்த முட்டைக்கோஸ் போன்ற வாடையைத் தரும். விரைந்து குளிரவைத்தால் சாற்றிலுள்ள புரதங்கள் திரண்டு அடியில் படியும், பானம் தெளியும். ஆக, விரைவு வேண்டும், தூய்மையும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்பதே இக்கதையின் முடிச்சு.

பழைய ஐரோப்பிய ஆலைகளில் விரைவுக்கு ஒரு வழிதான் இருந்தது. ஆலையின் மேல்மாடியில், காற்றோட்டமான பலகணிகளுக்கு நடுவே, அறையளவு அகன்றும் ஒரு முழத்திற்கும் குறைந்த ஆழத்தோடும் ஒரு தட்டையான தொட்டி இருக்கும். கொதித்த சாற்றை அதில் ஊற்றி இரவெல்லாம் விட்டுவிடுவார்கள். பரப்பு கூடினால் வெப்பம் விரைந்து வெளியேறும். நம் ஊர்த் தே தாரிக் கடைக்காரர் ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்குத் தேநீரை நீளமாக இழுத்து ஆற்றுகிறாரே, அதே கொள்கைதான். ஆனால் அகன்ற பரப்பு கிருமிக்கும் அகன்ற வாசல் ஆயிற்று. பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸில் 1900இல் தொடங்கிய காந்தியோன் ஆலை, காற்றில் வரும் கிருமிகளையே நம்பி, இன்றும் இத்தகைய தொட்டியில் சாற்றை ஆற்றுகிறது. அங்கும் குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில்தான் காய்ச்சுகிறார்கள். கோடை இரவுகளில் சாறு ஆறுவதற்குள் வேண்டாத கிருமி பெருகிவிடும்.

செருமனியின் பவேரியாவில் இது சட்டமாகவே இருந்தது. 1553ஆம் ஆண்டு ஆணையின்படி செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் பீர் காய்ச்சலாம். கோடைக்கு வேண்டியதை முன்னதாகவே காய்ச்சி, நிலத்தடிக் கிடங்குகளில் வைத்து, குளிர்காலத்தில் ஏரியில் அறுத்த பனிக்கட்டிகளால் காத்தார்கள். கிடங்கின்மேல் வெயில் படாதிருக்க மரங்களையும் நட்டார்கள். ஓர் ஆண்டு குளிர் குறைந்து ஏரி உறையவில்லையென்றால் ஆலைக்காரரின் பாடு திண்டாட்டம்தான்.

எவ்வளவு சூடு என்று அளக்கவே தெரியாமல் குளிரவைத்த காலமும் உண்டு. கைவைத்துப் பார்த்து, ஆவியின் போக்கைப் பார்த்துத் தந்தை மகனுக்குச் சொல்லித்தந்த தொழில் அது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் வட்டாரத்தில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்னும் இளைஞர், தம் தந்தைக்குத் தெரியாமல் வெப்பமானியை மறைத்து வைத்துப் பயன்படுத்தினார். புதுக்கருவி என்றாலே தந்தைக்குப் பிடிக்காது! பெற்றோர்கள் இந்த இடத்தில் சற்று நின்று படிக்கலாம். அடுத்த நூற்றாண்டில் சால்ஃபோர்டு நகரப் பீர் ஆலைக் குடும்பம் ஒன்றில் 1818இல் பிறந்த ஜேம்ஸ் ஜூல், வெப்பமும் வேலையும் ஒன்றே மற்றொன்றாக மாறுவன என்பதை அளந்து காட்டினார். ஒரு பாகையின் மிகச் சிறு பின்னத்தை அளக்கும் திறன் அவருக்கு வாய்த்ததற்கு, ஆலையில் வளர்ந்த பழக்கமும் ஒரு காரணம் என்று அறிவியல் வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். நம் மாணவர்கள் தேர்வில் எழுதும் 'ஜூல்' என்ற அலகின் பின்னால் ஒரு பீர் ஆலை நிற்கிறது.

19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரான போதலோவின் பெயரால் ஒரு குளிர்விப்பான் பரவியது. செப்புக் குழாய்களைக் கிடையாக, ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுவர்போல அடுக்கியிருப்பார்கள். குழாயின் உள்ளே குளிர்நீர் கீழிருந்து மேலே ஏறும். வெளிப்புறத்தில் சூடான சாறு மெல்லிய படலமாக மேலிருந்து கீழே வழியும். ஓர் இரவு ஆன வேலை வெகுவாகச் சுருங்கியது. பால் பண்ணைகளும் பிற்காலத்தில் இதையே எடுத்துக்கொண்டன. ஆயினும் சாறு இன்னும் திறந்தவெளியில்தான் வழிந்தது. விரைவு கிடைத்தது, தூய்மை கிடைக்கவில்லை.

அந்தக் குறையை உலகுக்கு உணர்த்தியவர் லூயி பாஸ்டர். நம் பாடநூல்கள் அவரைப் பாலோடு சேர்த்தே பேசுகின்றன. அவர் நேரடியாக ஆராய்ந்தவை பெரும்பாலும் திராட்சை மதுவும் பீரும்தான். 1870-71இல் செருமானியரிடம் பிரான்சு தோற்றது. மனம் கொதித்த பாஸ்டர், பான் பல்கலைக்கழகம் தமக்கு வழங்கிய மதிப்புறு பட்டத்தைத் திருப்பி அனுப்பினார். செருமானியரின் புகழ்பெற்ற பீரை அவர்களுடைய களத்திலேயே வெல்ல வேண்டும் என்று ஆராய்ச்சியில் இறங்கினார். தம் முறையில் உருவாகும் பானத்துக்குப் 'பழிதீர்க்கும் பீர்' என்றே பெயரிட விரும்பினார். 1871இல் இலண்டனின் விட்பிரெட் ஆலைக்குச் சென்று ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் பார்த்து, கெட்ட கிருமிகள் கலந்திருப்பதைக் காட்டினார். சில நாள்களில் அந்த ஆலை சொந்தமாக ஒரு நுண்ணோக்கியை வாங்கிவிட்டது. 1873இல் அமெரிக்காவில் அவர் பெற்ற காப்புரிமை நம் கதைக்கு நேரானது. கொதித்த சாற்றை மூடிய கலத்தில் வைத்து, காற்றை வெளியேற்றி, கலத்தின் வெளிப்புறத்தில் நீரைத் தெளித்துக் குளிரவைக்கும் முறை அது. சாறு காற்றைத் தொடவே கூடாது என்பது அதன் உயிர்நாடி. 1876இல் பீரைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. போரில் தோற்ற கோபம் ஒரு நல்ல நூலாக முடிந்தது என்பேன்.

சரி, தூய்மைக்கு வழி பிறந்தது. ஆனால் குளிர்நீர் எங்கிருந்து வரும்? கோடையில் ஆற்று நீரே வெதுவெதுப்பாக இருந்தால் எந்தக் குழாயும் உதவாதே!

விடை தந்தவர் ஓர் ஆசிரியர். கார்ல் லிண்டே 1842இல் பவேரியாவில் பிறந்தவர். சூரிக்கில் படிக்கும்போது மாணவர் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகப் பட்டம் பெறுமுன்னரே வெளியேற்றப்பட்டார். பட்டமில்லாத அந்த மனிதர் 1868இல் மியூனிக்கின் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். குளிரூட்டுவது பற்றி 1870, 1871ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய கட்டுரைகள் ஆலைக்காரர்களின் கண்ணில் பட்டன. மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலை உரிமையாளர் காப்ரியேல் செடல்மயர் தம் ஆலையிலேயே சோதனை செய்ய இடம் கொடுத்தார். முதற்பொறி எளிதில் தீப்பற்றும் மெத்தில் ஈதரில் ஓடியது, நிறைவு தரவில்லை. அடுத்த பொறிக்கு அம்மோனியாவைத் தேர்ந்தார். 1870களின் பிற்பாதியில் ஏட்ரியாட்டிக் கடலோரத்து வெப்பநகரான திரியெஸ்தேயில், டிரேகரின் ஆலைக்கு ஒரு பொறி சென்றது. அது 1908 வரை ஓடியது. 1879இல் லிண்டே பேராசிரியர் பதவியை உதறிவிட்டு நிறுவனம் தொடங்கினார். உறுதியான சம்பளத்தை விட்டுவிட்டுக் கடன்கொடுக்கும் ஆலைக்காரர்களை நம்பிப் போவது எளிதா? நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுப் பார்க்கலாம். அவருடைய மாணவர்களுள் ஒருவர் ருடால்ஃப் டீசல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எஞ்சியது குழாயின் நுட்பம். இதை வகுப்பில் கணக்காகவே நடத்தலாம். 100 பாகைச் சாறும் 20 பாகை நீரும் சம அளவில், பக்கம் பக்கமாக, ஒரே திசையில் ஓடட்டும். எவ்வளவு நீளக் குழாய் வைத்தாலும் இரண்டும் 60 பாகையில் வந்து நின்றுவிடும். இப்போது நீரை எதிர்த்திசையில் விடுங்கள். வெளியேறும் சாறு, அப்போதுதான் உள்ளே நுழையும் குளிர்நீரைச் சந்திக்கும். குழாய் போதிய நீளமாக இருந்தால் சாறு 20 பாகையை நெருங்கிவிடும். அதே நீர், அதே செம்பு. திசை மட்டுமே மாறியது! பனியில் நிற்கும் வாத்தின் காலிலும் குருதி இப்படித்தான் எதிரெதிராக ஓடி வெப்பத்தைக் காக்கிறது. 1923இல் இலண்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் செலிக்மன், குழாய்க்குப் பதிலாக மெல்லிய தகடுகளை அடுக்கி, அவற்றின் இடைவெளிகளில் சூடும் குளிரும் மாறி மாறி ஓடும் கருவியைப் படைத்தார். பால்தான் அவருடைய முதல் இலக்கு. தகடுகளைக் கழற்றிக் கழுவ முடிந்ததே அதன் பெருமை.

இவையெல்லாம் பேராலைகளின் கதை. 1963இல் பிரிட்டன் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கான உரிமக் கட்டுப்பாட்டை நீக்கியது. 1978இல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் அங்கும் அதற்கு வழிவிட்டது. அடுப்பில் 20 லிட்டர் காய்ச்சும் பொழுதுபோக்காளர்கள் பெருகினார்கள். பழைய சிக்கல் அவர்களுடைய சமையலறைக்கு வந்து சேர்ந்தது.

அவர்கள் தேர்ந்துகொள்ளும் கருவிகளைப் பார்த்தால் வரலாறு மீண்டும் நடப்பது தெரியும். எளியது செப்புச் சுருள். அடுப்பை அணைக்கக் கால்மணி நேரத்திற்கு முன்பே அதைக் கொதிக்கும் சாற்றில் இறக்கிவிட்டால் சுருளும் தூய்மையாகிவிடும். பிறகு உள்ளே குழாய்நீரை ஓடவிட வேண்டியதுதான். செம்பு துருப்பிடிக்காத எஃகைவிட ஏறக்குறைய 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆயினும் சாற்றைக் கலக்காமல் விட்டால் சுருளைச் சுற்றிக் குளிர்ந்த படலம் ஒன்று நின்று வேலையைக் கெடுக்கும். மெல்லக் கலக்கிக் கொடுப்பவர் மலிவான சுருளிலும் விரைவு காண்பார். அடுத்தது எதிரோட்டக் குழாய்: தோட்டத்து ரப்பர்க் குழாய்க்குள் செப்புக் குழாய். மூன்றாவது, கையளவேயான தகட்டுக் குளிர்விப்பான். விரைவில் இதுவே முதலிடம். ஆனால் வீட்டுக்கென விற்கப்படுபவை பெரும்பாலும் பற்றவைத்து மூடியவை, திறக்க இயலாது. ஹாப்ஸ் துணுக்கு உள்ளே சிக்கினால் கண்ணுக்குத் தெரியாமல் அழுகும். செலிக்மனின் கருவிக்குப் பெருமை சேர்த்த பண்பே இங்கு காணாமற்போனது வேடிக்கை. முதன்முதலில் வாங்குவோர் கேட்டால் சுருளையே சொல்வேன். அதில் அழுக்கு இருந்தால் கண்ணில் படும்.

ஆஸ்திரேலியாவில் வறட்சிக் காலத்தில் நீரை வீணாக்க மனமில்லாதவர்கள், கொதித்த சாற்றைத் தடித்த பிளாஸ்டிக் கலனில் நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, தானாக ஆறவிட்டார்கள். பாஸ்டரின் மூடிய கலம் அங்கே வேறு வடிவில் வந்திருக்கிறது.

நம் பகுதியின் நிலை வேறு. இங்கே குழாய்நீரே 28 பாகையை ஒட்டி இருக்கிறது. எந்தக் கருவியை வாங்கினாலும் உள்ளே போகும் நீரைவிடக் கீழே சாற்றை இறக்க முடியாது. பனிக்கட்டியை வைத்து மாணவர்களோடு கணக்கிடலாம். 20 லிட்டர் சாற்றை 100 பாகையிலிருந்து 20 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 67 இலட்சம் ஜூல் வெப்பத்தை நீக்க வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 3.34 இலட்சம் ஜூல் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் பனிக்கட்டியை மட்டும் நம்பினால் 20 கிலோ வேண்டும். முதலில் குழாய்நீரால் 35 பாகை வரை இறக்கிவிட்டு, எஞ்சிய 15 பாகைக்கு மட்டும் பனிக்கட்டி நீரைச் சுருளில் சுழலவிட்டால் 4 கிலோ போதும். பீர் என்ற சொல்லே வேண்டாம் என்போர், சாற்றுக்குப் பதில் ஒரு பானை மைலோ என்று கணக்கை மாற்றிக்கொள்ளலாம். விடையில் பெரிய வேறுபாடு வராது.