கருணை கட்டிய கல்லறை

சவுக்கைச் சுழற்றியவர்கள் அல்லர். தூக்குமேடை அமைத்தவர்கள் அல்லர். அத்தகு கொடுமைகள் குறையவேண்டும் என்று பாடுபட்ட நல்லோர் அவர்கள்! 1787-ஆம் ஆண்டிலே, அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரிலே, சிறைப்பட்டோரின் துயர் துடைக்கச் சங்கம் கண்டவர்கள். குவேக்கர் எனும் கிறித்தவப் பிரிவினர் அதிலே பலர். விடுதலைப் பிரகடனத்திலே கையொப்பமிட்ட மருத்துவர் பெஞ்சமின் ரஷ்ஷும் ஒருவர். மனநோய் பற்றி 1812-இல் நூலே எழுதியவர் அவர் என்பதைத் தோழர்கள் நினைவிலே வைத்திருக்க வேண்டுகிறோம். இந்த நல்லோர் நெஞ்சிலே அரும்பியதுதான், மனிதனைத் தன்னந்தனியே அடைத்துவைக்கும் முறை!

கூட்டத்தோடு அடைத்தால் கெட்டவன் மேலும் கெடுவான். தனியே விட்டால் தன் நெஞ்சோடு பேசுவான், ஆண்டவனை எண்ணுவான், அழுவான், திருந்துவான் என்று கருதினர். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. பள்ளியிலே குறும்புக்காரச் சிறுவனை ஒரு மணி நேரம் தனியே நிறுத்திவிட்டு, திருந்திவிடுவான் என நாமும் நம்பியதுண்டு. அந்த ஒரு மணி நேரமும் அவன் எதை எண்ணி நின்றான் என்று கேட்டதில்லை. அவர்களும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால், விடை அண்டை மாநிலத்திலேயே கிடைத்திருக்கும். நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் சிறையிலே, 1821-இல், ஏறத்தாழ 80 பேரை வேலையுமின்றித் துணையுமின்றித் தனித்தனியே பூட்டிப் பார்த்தனர். ஓராண்டிலே ஐவர் மாண்டனர். ஒருவன் சித்தம் கலங்கினான். மற்றொருவன், கதவு திறந்த கணமே மேல்தளத்திலிருந்து குதித்தான்! ஆளுநர் 26 பேரை மன்னித்து விடுவித்தார், சோதனை கைவிடப்பட்டது. பிலடெல்பியாப் பெரியோர் இதனை அறியாதவரல்லர். அறிந்தும், வேலை தராததே குறை, தறியும் செருப்புத் தைக்கும் ஊசியும் கொடுத்தால் தனிமை இனிக்கும் என்று முடிவு கட்டினர். நம்பிக்கை அத்துணை வலிது. ஐந்து பிணங்களாலும் அதனை அசைக்க இயலவில்லை.

1829-இல் திறக்கப்பட்டது கிழக்கு மாநிலச் சிறை. ஜான் ஹேவிலண்ட் எனும் கட்டடக் கலைஞர் வகுத்தது. நடுவே ஒரு மண்டபம். வண்டிச் சக்கரத்து ஆரங்கள்போல் அதிலிருந்து பிரியும் 7 அறைவரிசைகள். அறையின் கூரையிலே ஒரு சாளரம், படிக்க விவிலியம், வெளியே அழைத்துச் சென்றால் முகத்தை மறைக்கும் முக்காடு. பெயர் போயிற்று, எண் வந்தது. முதற் கைதி 18 வயதுக் கறுப்பின உழவன். திருட்டுக் குற்றத்துக்கு இரண்டாண்டு.

1842-இல் அங்கே வந்தார் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ். அறை அறையாய்ச் சென்று கைதிகளோடு பேசினார். இதனை வகுத்தோர் இரக்கமுடையோரே, ஆயினும் தாம் செய்வது யாதென அறியாதோர் என்று, அவ்வாண்டே வெளியான தம் அமெரிக்கப் பயண நூலிலே தீட்டினார். உடலின் காயம் கண்ணுக்குத் தெரியும், மூளையின் காயம் தெரியாது; ஆகவே இதுவே கொடிதினும் கொடிது என்பது அவர் வாதம். மருத்துவர் காணத் தவறியதைக் கதை எழுதுபவர் கண்டார்! 1890-இல் அமெரிக்க உச்சநீதிமன்றமும், தனிமையால் அறிவு மழுங்கியோரையும் பித்தேறியோரையும் தன் தீர்ப்பிலே குறிப்பிட்டது. அச்சிறை அம்முறையைக் கைவிட்டதோ 1913-இல்தான்.

கண்ணுக்குத் தெரியாத அந்தக் காயத்தை அறிவியல் பிறகு தேடிச்சென்றது. 1950-களின் தொடக்கத்திலே, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் எனும் உளவியலறிஞரின் குழுவினர், நாளொன்றுக்கு 20 டாலர் கொடுத்து மாணவர்களைப் படுக்கவைத்தனர். உருவம் தெரியாதபடி கண்ணுக்குத் திரை, தொடுவுணர்ச்சி தெரியாதபடி கைக்கு உறை. சும்மா படுத்திருக்கக் கூலி! இரண்டு மூன்று நாட்களுக்குமேல் தாங்கியவர் சிலரே. சிந்தனை குழம்பிற்று, இல்லாத உருவங்கள் கண்முன் ஆடின. உணர்வுக்கு உணவில்லையேல், மூளை ஓய்வு கொள்வதில்லை. பொய்க்காட்சிகளைப் படைக்கத் தொடங்குகிறது.

2019-இல் வெளியான ஆய்வு ஒன்று இன்னும் ஆழம் சென்றது. தென்துருவப் பனிக்கண்டத்திலே, ஜெர்மானியர் நிலையத்திலே, 14 மாதம் தங்கிய குழுவினரின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தனர். நினைவாற்றலுக்குத் துணைநிற்கும் ஒரு பகுதி, சராசரி 7 விழுக்காடு அளவுக்குச் சிறுத்திருந்தது! அவர்கள் விரும்பிச் சென்றவர்கள். ஒன்பதின்மர் கூடி உண்டு, கூடி உழைத்தவர்கள். நான்கு சுவரையன்றி வேறு துணையற்றவன் தலைக்குள் என்ன நிகழும்?

2015-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மண்டேலா விதிகள், தொடர்ந்து 15 நாட்களுக்கு மேற்பட்ட தனிச்சிறையை விலக்குகின்றன. கிழக்கு மாநிலச் சிறை 1971-இல் மூடப்பட்டு, இன்று காட்சிச்சாலையாக நிற்கிறது. பார்க்க வருவோர் அறைக்குள் நுழைந்து, சில நிமிடம் நின்று, வெளியேறுகின்றனர். அதே அமெரிக்காவின் வேறு சிறைகளிலோ, நாளொன்றுக்கு 22 மணி நேரமும் அதற்கு மேலும், பல்லாயிரவர் இன்றும் தனியறைகளிலே அடைபட்டுக் கிடக்கின்றனர்.